ஏழாம் அறைக் கட்டிலின் நான்காவது கால்

படுக்கை இருப்பதால்தான் மக்கள் படுக்கிறார்கள் என்று அரசாங்கத்திடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நிறையப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். படிக்காதவருக்கு இவ்வளவு தோன்றாது. ஆஸ்பத்திரிகளில் படுக்கை குறைந்தால் படுக்கும் நோயாளிகள் குறைவார்கள். அவர்கள் குறைந்தால் நாட்டின் ஆரோக்கியம் கூடும். ஆகவே ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு படுக்கைக்கும் வரி.

படுக்கை என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இருந்தது: நான்கு கால்கள் மேல் நிற்பதும், ஒரு மனிதர் நீட்டிப் படுக்கக்கூடியதுமான எதுவும் படுக்கை.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு இரும்புக் கட்டில்கள். பெரிய டாக்டர் சட்டத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு கட்டில்கள் ஆளுக்கொரு காலை இழந்தன. காலிருந்த இடத்தில் செங்கல் அடுக்கினார்கள். ஏழாம் அறைக் கட்டிலை மட்டும் தொடவில்லை. ஒரு படுக்கைகூட இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி உரிமம் போய்விடும்.

செங்கலும் கால்தானே என்று வரி அலுவலகம் கேட்டு எழுதியது. பதில் எழுதும் வேலை கிளெய்ம் அக்காவிடம் வந்தது.

மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து, நோயாளிகளின் விண்ணப்பங்களைக் கம்பெனிக்கு அனுப்புவது அவள் வேலை. இயற்பியல் படித்தவள். அவள் பேசினால் எதிரில் இருப்பவர் காதை நீட்ட வேண்டும். ஆனால் எழுத்து வேறு மாதிரி. "வாயைத் திறந்தா காத்து வரும், பேனாவைத் திறந்தா புலி வரும்" என்பார்கள் நர்சுகள். அன்று வந்த புலி இப்படி எழுதியது: "தரையைத் தானாகத் தொடுவதே கால். கீழே எதையாவது முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும் என்றால் அது கால் அல்ல, கால் இருந்த இடம்."

வரி அலுவலகம் வாயை மூடிக்கொண்டது. பெரிய டாக்டர் கடிதத்தின் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். மற்ற ஆஸ்பத்திரிகளும் அதையே காட்டித் தங்கள் கட்டில்களின் காலை அறுத்தன.

இரண்டு மாதம் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தன. இருபத்துநான்கு மணி நேரம் படுக்கையில் இருந்தவருக்குத்தான் பணம் என்ற விதி பழையது. படுக்கை என்றால் வரிச் சட்டம் எதைப் படுக்கை என்கிறதோ அது மட்டும்தான் என்பது புதிது.

அவ்வளவுதான். முப்பத்தொரு கட்டில்களில் கிடந்தவர்களும் ஒரே நாளில் படுக்காதவர்கள் ஆனார்கள். கிளெய்ம் அக்கா அனுப்பிய விண்ணப்பங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. மாடியிலிருந்து விழுந்து இரண்டு காலும் முறிந்து வந்தவருக்குக்கூட, கட்டிலுக்கு ஒரு கால் குறைவு என்று பதில் வந்தது. அதே வாரம் நாட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளிகள் நூற்றுக்கு மூன்றாகக் குறைந்துவிட்டார்கள் என்று அரசாங்கம் பெருமையோடு அறிவித்தது. செங்கல் கட்டில்களில் மல்லாந்து கிடந்தபடி எல்லோரும் அதைப் பேப்பரில் படித்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஏழாம் அறைதான் வேண்டியிருந்தது. கிளெய்ம் அக்கா ஒரு நோட்டில் வரிசை போட்டாள். ஆளுக்கு ஒரு நாள். அந்த வரிசையில் இந்தப் புதன்கிழமைக்கு எதிரே அவளுடைய அம்மாவின் பெயர் இருந்தது.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், யாராவது பார்த்தால் சுவரைத் துடைப்பதுபோல் கையை ஓட்டுவாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு அறுபது பிறக்கிறது. அறுபது ஆனவர்களின் காப்பீட்டுக்குத் தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். காப்பீடு இருப்பதால்தான் வயதானவர்கள் டாக்டரிடம் போகிறார்கள் என்று அதே படித்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வரியோடு சேர்த்துப் புதுப்பிக்க அப்பாவின் ஓய்வூதியம் எட்டாது. வியாழன் ராத்திரியோடு அம்மாவின் பாலிசி முடிகிறது. அதற்குள் ஆபரேஷன் முடிந்து, ஒரு முழு நாள் படுக்கையில் இருந்ததாகக் கையெழுத்தும் ஆக வேண்டும். இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டும், அல்லது கல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதன் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டு பத்துக்கு அம்மாவை ஏழாம் அறைக் கட்டிலில் கிடத்தினார்கள். பன்னிரண்டேகாலுக்கே கம்பெனியின் சரிபார்ப்பவர் வந்துவிட்டார். ரொம்ப மரியாதையான மனிதர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை "மன்னிக்கணும்."

"மன்னிக்கணும். புதுச் சுற்றறிக்கை வந்திருக்கு மேடம். காலை எண்ணினா மட்டும் போதாதாம். தரையைத் தொடுதான்னும் பாக்கணுமாம். காகிதம் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துட்டா, தொடலைன்னு அர்த்தம்."

மண்டியிட்டு ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒவ்வொரு காலுக்கடியிலும் தள்ளிப் பார்த்தார். முதல் காலில் போகவில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் போகவில்லை. நான்காவது காலுக்கடியில் எலி வளைக்குள் போவதுபோல் போய் அந்தப் பக்கம் வந்தது.

கிளெய்ம் அக்காவுக்குக் காரணம் அப்போதே தெரிந்தது. அந்த அறை முன்பு துணி துவைக்கும் இடம். தண்ணீர் ஓட ஒரு மூலையில் மட்டும் தரையைச் சரித்திருந்தார்கள். இதுவரை படுத்தவர்கள் எல்லோரும் கனத்தவர்கள், கட்டிலை அமுக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அம்மா நாற்பத்தாறு கிலோ. அவள் தலைமாட்டில் இடப்பக்கம் ஒதுங்கிப் படுத்திருந்ததால், கால்மாட்டில் வலப்பக்கக் கால் எழும்பியிருந்தது.

"தரை சரிவு, சார்" என்றாள்.

அவர் காதை நீட்டிக் கேட்டுக்கொண்டார். "தரைக்கு நாங்க காப்பீடு தர்றதில்லையே மேடம்."

அவள் ஒரு மாத்திரை அட்டையை நான்காக மடித்துக் குனிந்தாள். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார்: "கீழே எதையாவது முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும் என்றால் அது கால் அல்ல, கால் இருந்த இடம்."

அவள் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"யாரு எழுதினதோ தெரியல. அருமையான எழுத்து. எங்க ஆபீஸ்ல ஆளுக்கொரு நகல் குடுத்திருக்காங்க" என்றார் அவர். "இன்னைக்கு நாலு மணிக்கு வரேன். அப்பவும் காகிதம் வெளிய வந்துட்டா, மூணு கால்னுதான் எழுதணும். நாளைக்கு முடியறதுக்குள்ள இன்னொரு தடவையும் வருவேன். எப்பன்னு சொல்லக்கூடாது. மன்னிக்கணும்."

தன் வாயால் கெடும் தவளையைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். வாயே திறக்காத தவளைக்கும் அது நடக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வெல்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அறுக்கச் சொன்னா இப்பவே அறுக்கிறேன் கிளெய்ம் அக்கா. நீட்டச் சொல்றீங்களே?"

"ஒரு நூல்தான் அண்ணே."

"ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்துல நெருப்பு வெச்சா, இந்த ஏழாம் அறை நேரா எட்டாம் அறைக்குப் போயிடும். வேணும்னா மத்த மூணு காலையும் கொஞ்சம் கொஞ்சம் ராவிடட்டுமா?"

"வேணாண்ணே. கழுதை தேஞ்சு கட்டெறும்பாயிடும்."

நாலு கால் பொருளைச் சுற்றிக்கொண்டே வந்தால், கால் பங்கு சுற்றுக்குள் ஏதோ ஓரிடத்தில் நாலும் தரையில் பதியும் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. அவளும் வெல்டரும் ஒரு நர்சும் சேர்ந்து கட்டிலைத் திருப்பினார்கள். ஒரு சாண் திரும்பியதும் சுவரில் இடித்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "என்னடி, வயித்தைக் கிழிச்ச ஆளை வெச்சு ராட்டினம் சுத்தற?"

பழைய இடத்துக்கே தள்ளினார்கள். அந்த மூலையில் பாரம் வைத்தால் போதும், கட்டில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அவள் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெரிய டாக்டர் வாசலிலேயே மறித்தார்.

"பொருளை ஏத்தினா அது படுக்கை இல்லம்மா, அலமாரி. அலமாரிக்கு வணிக வரி. போன மாசம் பக்கத்து ஆஸ்பத்திரியில வெந்நீர்ப் பை வெச்சதுக்கே நோட்டீஸ் வந்திருக்கு."

"ஆளை ஏத்தலாமா டாக்டர்?"

டாக்டர் யோசித்தார். "ஆளுக்குத் தடையில்ல."

நர்சு படுத்துப் பார்த்தாள். காகிதம் போய் வந்தது. அப்பா உட்கார்ந்து பார்த்தார். அவர் உட்கார்ந்ததைக் கட்டில் கவனிக்கவே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். கிளெய்ம் அக்கா மாத்திரை அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். எண்பத்தைந்து கிலோவாவது வேண்டும், ஒரே ஆளாக, நாளை மதியம் வரை. இன்று நாலு மணிக்குள் கிடைக்கக்கூடிய ஆளாகவும் இருக்க வேண்டும்.

அப்பா அந்த எண்ணைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "வேற யாராவது..."

"வேற யாருப்பா?"

"உங்கம்மா பொழைக்கணும்னுதானே இவ்வளவும்? அவ பக்கத்துல எங்கக்காவைக் கொண்டுவந்து படுக்க வெச்சா..." மேலே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு சோபா வாங்கினாள். அழுக்காகக் கூடாது என்று கடைக்காரன் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையை எடுக்காமலே வைத்திருந்தாள். விருந்தாளிகள் நிறைந்திருந்த ஒரு நாள், அப்பாவின் அக்கா அதில் உட்கார்ந்தாள், வியர்த்தாள், எழுந்திருக்கும்போது உறையும் கூடவே எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை அங்கேயே உறையைக் கிழித்து, சுருட்டி, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இருவரும் பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்பா தபால்காரராக இருந்தார்.

கிளெய்ம் அக்கா போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றாள்.

"அத்தை, நான்தான்."

"யாரு? கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. ஓ, நீயா! சொல்லு."

"அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு."

"எப்ப?"

"காலையில."

"யாரும் சொல்லல. நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க. நீங்க வந்து கொஞ்சம் படுக்கணும் அத்தை."

"எனக்கென்னடி நோய்?"

அவள் சட்டம், சரிவு, காகிதம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே மூச்சில் அவள் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"ஊர்ல அத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிடற?"

கிளெய்ம் அக்கா மாத்திரை அட்டையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"எடைக்கா?"

"ஆமா அத்தை."

"பதினோரு வருஷம் கழிச்சு அந்த வீட்லேருந்து ஒரு போன் வருது. அதுவும் எடைக்கு!" போன் வைக்கப்பட்டது.

மூன்றே முக்காலுக்கு அத்தை தன் சொந்தத் தலையணையோடு ஏழாம் அறை வாசலில் நின்றாள். யாரையும் பார்க்காமல், "எந்தப் பக்கம்?" என்றாள்.

கால்மாட்டில் தலை வைத்து, வலப்பக்கமாக, அம்மாவுக்கு எதிர்த்திசையில் படுத்தாள். கட்டில் ஒரு முனகல் முனகியது. நான்காவது கால் தரையில் வந்து உட்கார்ந்தது. அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் காகிதம் போகவில்லை. சரிபார்ப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிக்கணும், இவங்க?"

"துணைக்கு இருக்கிறவங்க சார்."

"துணைன்னா இவ்வளவு பக்கத்துலயா?"

"ஒரு மனிதர் படுக்கக்கூடியதுன்னுதான் சார் சட்டத்துல இருக்கு. ரெண்டாவது ஆள் கூடாதுன்னு இல்ல."

அவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். இல்லைதான். "நோயாளிக்கு என்ன உறவு?"

"நாத்தனார்."

அவர் பேனா நின்றது. "நாளைக்கு மத்தியானம் வரைக்குமா?" என்றார். பிறகு அவர் யாருக்கென்று சொல்லாமல் பொதுவாக ஒரு "மன்னிக்கணும்" சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அத்தை கூரையைப் பார்த்துப் பேசினாள். "அவங்க கால் என் மூஞ்சிகிட்ட இருக்கு. நகத்தை வெட்டறதில்லையான்னு கேளு."

"ஆபரேஷனுக்கு வந்தேன், அழகு நிலையத்துக்கு வரலன்னு சொல்லு" என்றாள் அம்மா, மூடிய கண்ணோடு.

கிளெய்ம் அக்கா எதையும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அத்தை கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு நர்சுகளும் அப்பாவும் சேர்ந்து அந்த மூலையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் குறைந்தாலும் கால் எழும்பியது. "தனி ஆளா மூணு பேர் வேலை பாக்கறேன்" என்று அத்தை தலையணையிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை பதினொன்றரை. சரிபார்ப்பவர் இன்னும் வரவில்லை. இன்னும் நாற்பது நிமிஷம். அம்மா லேசாகப் புரண்டாள். விரிப்புக்கு அடியில் மெத்தைக்குப் போட்டிருந்த ரெக்சின் சரசரத்தது.

அத்தை தலையைத் தூக்கினாள். "இங்கயும் பிளாஸ்டிக்கா? அதான் ராத்திரி முழுக்க முதுகு வேர்த்துச்சு."

அம்மா கூரையிடம் சொன்னாள்: "எதுக்கு உறை போடறாங்கன்னு சிலருக்கு எப்பவுமே புரியாது."

"போதும்!" அத்தை எழுந்து உட்கார்ந்தாள். "நான் கிளம்பறேன். எடைக்குக் கூப்பிட்டாங்க, வந்தேன். பேச்சு வாங்கவா வந்தேன்?" ஒரு காலைத் தரையில் வைத்துச் செருப்பைத் தேடினாள். கட்டிலின் நான்காவது கால் எழும்பியது.

பக்கத்து அறை வாசலில் "மன்னிக்கணும்" கேட்டது.

கிளெய்ம் அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அதற்குள் சரிபார்ப்பவர் உள்ளே வந்துவிட்டார். நேராகக் கால்மாட்டுக்குப் போய் மண்டியிட்டார். வெள்ளைக் காகிதம் தீர்ந்துபோனதால், பையிலிருந்த அம்மாவின் ஒப்புதல் படிவத்தையே நீளவாக்கில் பிடித்து, எழும்பி நின்ற காலுக்கடியில் தள்ளினார். அது சுலபமாக நுழைந்தது.

"அண்ணி" என்றாள் அம்மா.

அறையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பதினோரு வருஷமாக அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

"படுங்க அண்ணி."

"யாரைச் சொல்ற?"

"உங்களைத்தான். நீங்க உறையைக் கிழிச்சது சரிதான். எனக்கும் அதுல முதுகு வேர்க்கும்."

"இதைச் சொல்ல உனக்குப் பதினோரு வருஷமா?"

"கல்லை நேத்துதானே எடுத்தாங்க" என்றாள் அம்மா.

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் அவளால் நிற்கவோ உட்காரவோ முடியாது. தொப்பென்று மல்லாந்து விழுந்தாள். நான்காவது கால் படிவத்தின் மேல் இறங்கியது.

சரிபார்ப்பவர் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஓரம் கிழியப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

"காகிதம் போச்சு" என்றார், தரையிலிருந்தே. "ஆனா வரல."

எல்லோரும் கிளெய்ம் அக்காவைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்தாத்தான் தொடலைன்னு அர்த்தம் சார். நீங்கதான் சொன்னீங்க." அவள் குரல் தாழ்வாரம் வரை கேட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ பேசியதுபோல.

அவர் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "சரிதான். கால் தொடுது" என்றார். "ஆனா கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அதுக்கடியில இருக்கு. துணைக்கு இருக்கிற அம்மா, ஒரு நிமிஷம் எழுந்திருச்சீங்கன்னா..."

"எழுந்தா கால் தூக்கிடும் சார்" என்றாள் கிளெய்ம் அக்கா. "பன்னிரண்டு பத்து வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். நர்சு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிலில் இரண்டு பேரும் சோபாவைப் பற்றிப் பேசினார்கள், நேருக்கு நேராக அல்ல, ஒருத்தி பாதத்தைப் பார்த்து இன்னொருத்தி. அந்தக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் குரல் மெலிந்தது, பிறகு குறட்டையானது.

பன்னிரண்டு பத்து ஆயிற்று. சரிபார்ப்பவர் எழுந்தார். "இப்ப எழுப்பலாமில்லையா?"

"கொஞ்சம் இருங்க" என்றாள் அம்மா. "ராத்திரியெல்லாம் தூங்கல அவங்க. இப்பதான் கண் அசந்திருக்காங்க."

"மேடம், எனக்கு இன்னும் நாலு ஆஸ்பத்திரி போகணும்."

அம்மா விரலை உதட்டில் வைத்தாள்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைத் தரையில் விரித்தார். குப்புறப் படுத்தார். படிவத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் கால்களின் எண்ணிக்கை நான்கு என்று எழுதினார். இன்னொன்றில் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது முழங்கால் சொடுக்கியது. அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

கிளெய்ம் அக்கா சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த பிறகுதான் நேற்றிலிருந்து உட்காரவே இல்லை என்பது தெரிந்தது. மடித்த மாத்திரை அட்டை இன்னும் கையிலேயே இருந்தது. அதைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அத்தை விழித்தபோது மணி ஒன்று. படிவம் வெளியே வந்தது, குறுக்கே வட்டமாக ஒரு கால் தடத்தோடு. அம்மாவை மெதுவாக எழுப்பிச் சக்கர நாற்காலிக்கு மாற்றினார்கள். அத்தை தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தாள்.

வாசலில் அடுத்த முறைக்காரர் காத்திருந்தார். ஒரு டீச்சர். குடல்வால் ஆபரேஷன் முடிந்து தள்ளுவண்டியில் வந்திருந்தார். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு ஒல்லி. அவருடைய கணவர் தயங்கித் தயங்கிக் கிளெய்ம் அக்காவின் அருகில் வந்தார். பார்வை முழுக்க அத்தையின் மேல் இருந்தது.

"அந்த அம்மா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருப்பாங்களா?"

கிளெய்ம் அக்காவுக்கு மறுபடியும் குரல் போய்விட்டது. அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"வீட்ல சோபா இருக்கா?" என்றாள் டீச்சரிடம்.

"இருக்குங்க."

"உறை போட்டிருக்கீங்களா?"

டீச்சர் பயந்துபோய்க் கணவரைப் பார்த்தார். "இல்லீங்க. போட்டதே இல்ல."

அத்தை செருப்பைக் கழற்றினாள்.